முன்னறை மாப்பிள்ளை

பழவேற்காடு
ஹிஜ்ரி 1148, ரபியுல் ஆகிர் பிறை 5

சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் என் ஆமினா லாத்தாவுக்குத் தம்பி ஜெகபர் அலி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடும் உடம்போடும் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மச்சானுக்கு இருமல் நின்றதா, மருமகள் மெஹருன்னிசா எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று அறிய ஆசை.

மூன்று வருஷத்தில் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் பதினான்கு வருஷம் கழித்து வந்திருக்கிறேன். ஒல்லாந்தருக்குத் துணி எண்ணிக் கொடுக்கும் வேலைக்குத்தான் ஜாவாவிலுள்ள பத்தாவிக்குப் போனேன். பிறகு இனாயத்துல்லாவோடு கூட்டாகக் கடை போட்டேன். கடை என்னை விடவில்லை, நானும் கடையை விடவில்லை. இப்போது தரையில் நடக்கும்போதும் கப்பல் மாதிரி ஆடுகிறது. தெருவில் யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. முகத்துவாரத்துக்கு உட்புறம் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்த கோட்டைக்குப்பம் முத்தம்மாள்தான் முதலில் அடையாளம் கண்டாள். பல்லில் கடித்திருந்த ஓலைப் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா சாயபு, போ சொல்ல கறுப்பா போனே, வர்ற சொல்ல வெள்ளையா வர்றே? தாடியைச் சொல்றேன்" என்றாள்.

என் வீட்டுக்காரி கைருன் நலமாக இருக்கிறாள். நம் தெரு வழக்கத்தை நான் பாதி மறந்துபோயிருந்தேன். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியிருப்பவன்தான், அது தெரியும். கடல் கடந்து வந்த சபராளிக்கு அந்த வீட்டில் நாற்பது நாள் விருந்து என்பது மறந்துவிட்டது. முன்னறையில் எனக்குப் புதுப் பாய். விருந்தாளிக்கு வைக்கும் தாலத்தில் சோறு. கொடுவா மீனில் நடுத்துண்டு எனக்கு. அவள் கதவுக்குப் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்கிறாள். அவள் முகத்தைவிட வளையலைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். கைருனைப் பெற்ற மாமி மௌத்தான சேதி பத்தாவிக்கு ஒரு வருஷம் தாமதமாக வந்தது. அந்தப் பெரிய வீட்டில் கைருன் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகவே வந்தேன். வந்து இறங்கிய அன்று அவள், "இன்னா விசயமா வந்தீங்க?" என்று கேட்டாள். பதினான்கு வருஷம் கழித்து வந்தவனுக்கு உன்னைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "துணி வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, ஷவ்வாலில், நான் வந்த கப்பல் பத்தாவி திரும்புகிறது. கைருன் இருக்கச் சொன்னால் இருப்பேன். சொல்லாவிட்டால் ஏறிவிடுவேன். நம் வீடும் விற்றுப்போன பிறகு எனக்கு இந்த ஊரில் வேறு வாசல் இல்லை. நான் எதற்காக வந்தேன் என்பதை நீங்கள் அவளிடம் சொல்லக் கூடாது. நேரம் பார்த்து நானே சொல்வேன்.

உங்கள் துஆவை வேண்டும்,
ஜெகபர் அலி


சதுரங்கப்பட்டினம்
ரபியுல் ஆகிர் பிறை 19

தம்பி ஜெகபர் அலிக்கு லாத்தாவின் சலாமும் துஆவும். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. மச்சான் இருமுவதை வைத்துத்தான் அவர் வீட்டுக்குள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கிறோம். மெஹருன்னிசா என்னைவிட உயரம். அவளுக்கு அடுத்த ரபியுல் அவ்வலில் நிக்காஹ் பேசியிருக்கிறோம், அதற்கு நீயும் கைருனும் வர வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை சிரித்தேன். மூன்றாம் முறை, நீ பக்கத்தில் இருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். துணி வாங்கவா வந்தாய்? சின்ன வயதில் பசித்தாலும் "லாத்தா, அடுப்புல இன்னா?" என்றுதான் கேட்பாய், சோறு போடு என்று கேட்கமாட்டாய். தாடி நரைத்தும் அதே பிள்ளைதான்.

நாற்பது நாள் விருந்தைச் சாப்பிடு. அதற்குள் உண்மையைச் சொல்லிவிடு. சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு முழங்கால் வலியைவிடக் கஷ்டம் என்பதை நினைவில் வை. கைருன் அதிகம் பேசாத பெண். அவள் பேசுவாள் என்று நீ காத்திருந்தால் இரண்டு பேரும் கிழடாகிவிடுவீர்கள்.

நல்லதையே நாடும்,
ஆமினா


பழவேற்காடு
ஜமாத்துல் அவ்வல் பிறை 24

அன்பு லாத்தாவுக்குச் சலாம். எல்லோரும் ஆஃபியத்தோடு இருக்க அல்லாஹ் உதவுவானாக. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. இடுப்புத் துணிதான் சுற்றளவு போதவில்லை.

நாற்பது நாள் போய்விட்டது. இன்னும் தாலம் வருகிறது. இன்னும் நடுத்துண்டு வருகிறது. கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனேன். கைருன் ஓடி வந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். மீன் வாங்கி வருகிறேன் என்றேன். "உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றாள். லாத்தா, அந்தக் கேள்வியை விருந்தாளியிடம்தான் கேட்பார்கள்.

துணி வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டதால் தினமும் காலையில் துணி வாங்கப் போக வேண்டியிருக்கிறது. கோட்டைப் பக்கம் போய் நெசவுக்காரர்கள் வீட்டில் துணியைத் தடவிப் பார்க்கிறேன், தலையை ஆட்டுகிறேன், திரும்பி வருகிறேன். எத்தனை நாள் தலையை ஆட்டுவது? அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைக்க ஆரம்பித்ததும் வெட்கத்துக்கு ஒரு மூட்டை வாங்கிவிட்டேன். அது முன்னறையில் என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கைருன் மூட்டையைப் பார்த்தாள், அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.

ஊருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிடுகிறேன். கடைக்காரனே சங்கடப்பட்டு, "பேரம் பேசு பாய், எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்கிறான். பேச்சில் மலாய் வந்து விழுகிறது. பத்தாவிக் கைலியோடு தெருவில் போனால் பிள்ளைகள் பின்னால் வருகிறார்கள். அங்கே குடித்துப் பழகிய தேயிலையைக் கொதிக்க வைத்தால், காய்ச்சலா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம், முத்தம்மாள் புருஷன் பெரியசாமியோடு பசியாவரம் தீவுக்குப் படகில் போனது. இரண்டு கடலைத் தாண்டி வந்தவன் நம் ஏரியில் வாந்தி எடுத்தேன். முழங்கால் ஆழம்கூட இல்லை. பெரியசாமி துடுப்பை நிறுத்திவிட்டு, "எறங்கி நடந்தே வர்றியா, சாயபு?" என்றான். நடந்தேன்.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். பறவைகள் வரத் தொடங்கியிருக்கின்றன, மாலையில் ஏரி பார்க்க நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள் வந்தால்தான் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. உண்மையை இன்னும் சொல்லவில்லை. விருந்தாளி அதை எப்படிச் சொல்வான்?

என்றும் உங்கள் தம்பி,
ஜெகபர் அலி


பழவேற்காடு
ஜமாத்துல் அவ்வல் பிறை 27

மரியாதைக்குரிய ஆமினா மதினிக்குக் கைருன் பீவி சலாம். நீங்களும் அண்ணனும் மெஹருன்னிசாவும் சுகமென்று நம்புகிறேன். என் அரபுத் தமிழ் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உம்மா போன பிறகு எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று.

உங்கள் தம்பி நலம். நன்றாகச் சாப்பிடுகிறார். அவருக்கு மிளகு பிடிக்குமா, புளி குறைவாக வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் சமைத்துப் போட்டது மறந்துவிட்டது. எதை வைத்தாலும் "நல்லா இருக்குது" என்கிறார். பிடிக்காததைச் சொல்ல மாட்டேன் என்கிறார். உங்களுக்குத் தெரிந்தால் யோசித்து வையுங்கள்.

மதினி, துணி வாங்க வந்தேன் என்றார். வாங்கியும்விட்டார். அவர் பெட்டியில் கப்பல் கயிறு போட்ட கட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. சபராளி பெட்டியின் கயிற்றைப் பெண்பிள்ளை தொடக்கூடாது, தொட்டால் அவன் மறுபடி போய்விடுவான், போனால் வரமாட்டான் என்று உம்மா சொல்வார்கள். தங்க வந்தவன் தானே அவிழ்ப்பான். தினமும் அந்தப் பெட்டியைச் சுற்றிப் பெருக்குகிறேன். காலையில் எழுந்ததும் முதலில் கயிற்றைத்தான் பார்க்கிறேன்.

உம்மா இருந்தவரை நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை. கருவாடு வாங்கிக் காட்டூருக்கு அனுப்பி நெல் வாங்கி வீட்டை நடத்தினேன், இன்றும் நடத்துகிறேன். ஒருவர் வந்து முன்னறையில் இருமினால் வீடு இப்படி மாறும் என்று நினைக்கவில்லை. அவர் போய்விட்டால் முன்பு மாதிரி இருக்க எனக்கு வராது. இருங்கள் என்று நானாகக் கேட்கவும் மாட்டேன். முதல் முறை போகும்போது கேட்டேன்.

நான் எழுதியது அவருக்குத் தெரியக் கூடாது, குர்ஆன் மேல் ஆணை. பதில் எழுத வேண்டாம். கடிதம் வந்தால் அவர்தான் வாசலில் வாங்குகிறார்.

துஆவில் என்னை நினையுங்கள்,
கைருன் பீவி


சதுரங்கப்பட்டினம்
ஜமாத்துல் ஆகிர் பிறை 12

தம்பி ஜெகபருக்கு ஸலாமத் உண்டாகட்டும். நாங்கள் சுகம். மழை தொடங்கிவிட்டதால் இனி தோணி ஓடாது. இந்தக் கடிதத்தைத் தரைவழியாக வரும் மூட்டைக்காரர்களிடம் கொடுக்கிறேன், நனைந்து வந்தால் என்னைத் திட்டாதே.

ஒரு விஷயம் கேட்கிறேன். உன் சாமான்களெல்லாம் எப்படி இருக்கின்றன? மழைக்காலம் பார். பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும். திறந்து பார்த்தாயா? கட்டி வைத்த பெட்டியைத் திறக்காமல் வைப்பது நல்லதில்லை என்று மச்சான் சொல்கிறார். மச்சான் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். துணி மூட்டையை எதற்கு வாங்கினாய், மடையா? வேறொன்றும் எழுத எனக்கு அனுமதி இல்லை. யாருடைய அனுமதி என்று கேட்காதே.

கைருன் சமைப்பதில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லு.

ஆமினா


பழவேற்காடு
ரஜப் பிறை 8

லாத்தாவுக்குச் சலாம். அங்கே மழை எப்படி? வீடு வாசல் பத்திரமா? இங்கே ஏரியும் கடலும் ஒன்றாகிவிட்டன. முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொண்டது. கோட்டைக்குப்பத்தில் வலைகளையெல்லாம் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

சாமான் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்ன குறிசொல்லும் வாய் உங்களுக்கு. போன வாரம் முன்னறைக் கூரை சரியாகப் பெட்டிக்கு மேலே ஒழுகியது. தூக்கிக்கொண்டு போய் வாசற்படி ஓரமாக வைத்தேன், அங்கேதான் நனையவில்லை. துணி மூட்டையையும் அதன் மேல் வைத்தேன். அன்றிலிருந்து கைருன் என்னோடு பேசவில்லை. தாலம் வருகிறது, வளையல் சத்தம் வருகிறது, "இன்னும் வைக்கட்டுமா" மட்டும் வருவதில்லை. என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

உள்ளறையில் வைத்திருக்கலாமே என்பீர்கள். எப்படி வைப்பேன்? அது அவள் வீடு. கல்யாணத்தன்று என் பெட்டியை அவர்கள் வீட்டு ஆட்கள் நாலு பேர் விளக்கோடு வந்து உள்ளே தூக்கிப் போனார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளறைக்குள் நுழைவது ஜப்தி செய்ய வந்தவன் மாதிரி அல்லவா இருக்கும்? வந்த நாளிலிருந்து, "பெட்டியை உள்ளே வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருக்கிறேன். அவள் சொல்லவில்லை. உள்ளறையை ஒழித்துப் பெருக்கி வைத்திருக்கிறாள், அங்கே ஒரு பெட்டி வைக்கிற இடம் காலியாகவே இருக்கிறது. இடமிருந்தும் சொல்லவில்லை என்றால் நான் வேண்டாம் என்றுதானே அர்த்தம்.

எனக்குக் கோபம் இல்லை, லாத்தா. பதினான்கு வருஷம் ஒரு பெண்ணை விட்டுவிட்டுப் போனவன் நடுத்துண்டைத் தின்றுகொண்டு குறை சொல்லக்கூடாது. வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஷவ்வால் கப்பலில் ஏறிவிடலாம் என்று நினைக்கிறேன். போகும் முன் சதுரங்கப்பட்டினம் வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போவேன்.

உங்கள்,
ஜெகபர் அலி


பழவேற்காடு
ரஜப் பிறை 11

மதினிக்குச் சலாம். எல்லோரும் நலமா? நான் நலம்.

அவர் பெட்டியை வாசற்படிக்குக் கொண்டுபோய்விட்டார். மூட்டையும் அதன்மேல் ஏற்றியாகிவிட்டது. கப்பலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, அதற்குள் அவ்வளவு அவசரம்.

அவர் வந்த மறுநாளே உள்ளறையில் என் சாமான்களை ஒதுக்கி ஒரு பெட்டிக்கு இடம் விட்டு வைத்தேன். இனி அந்த இடத்துக்கு நெல் பானையை நகர்த்திக்கொள்ளலாம்.

வழிக்குக் கொண்டுபோக நல்ல இறாலாகக் காயவைத்துத் தரச் சொல்லி முத்தம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் தருவாள். ஊறுகாயும் போட்டு வைக்கிறேன். பத்தாவியில் நம் ஊர் எலுமிச்சை கிடைக்காதாம். இதை எழுதும்போது அழுகை வந்துவிட்டது, எழுத்து கலைந்திருந்தால் மழை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கைருன் பீவி


சதுரங்கப்பட்டினம்
ஷஃபான் பிறை 3

தம்பி ஜெகபர் அலிக்கும் அவன் வீட்டுக்காரி கைருன் பீவிக்கும் சேர்த்து ஆமினா எழுதும் ஒரே கடிதம். இருவருக்கும் சலாம், இருவர் சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இதை ஜெகபர் உரக்கப் படிக்க வேண்டும், கைருன் கேட்க வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்றாலும் சரி, காது இந்தப் பக்கம் இருக்கட்டும்.

மெஹருன்னிசாவின் கல்யாணச் சீருக்கு ஒரு நல்ல பெட்டி தேடுகிறோம். இங்கே கிடைப்பதெல்லாம் செல் அரித்த மரம். ஜெகபர் பத்தாவியிலிருந்து கொண்டுவந்த பெட்டி கற்பூர மரத்தில் செய்தது என்று கேள்வி. தாய்மாமன் பெட்டி மருமகளுக்கு வந்தால் எனக்கு அதைவிடப் பெருமை இல்லை. ஆகவே அந்தப் பெட்டி எனக்கு வேண்டும். காலிப் பெட்டியாக, நோன்புக்கு முன், முதலில் கிளம்பும் தோணியில் ஏற்றி அனுப்பவும்.

ஜெகபர், நீ கப்பலேறப் போகிறாய் என்றால் உனக்குப் பெட்டி வேண்டும். அப்படியானால் தர முடியாது என்று ஒரு வரி எழுதிவிடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், வேறு பார்த்துக்கொள்கிறேன். தருவதாக இருந்தால், உள்ளே இருக்கும் சாமானை எங்கே வைப்பது என்று கைருனைக் கேள். வீடு அவளுடையது. எனக்கு அதெல்லாம் தெரியாது.

இரண்டு பேரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டு இத்தனை மாதம் வாயை மூடி வைத்திருந்ததற்கு அல்லாஹ் எனக்குக் கூலி தருவான். நீங்கள் பெட்டியைத் தாருங்கள்.

ஆமினா


பழவேற்காடு
ஷஃபான் பிறை 20

என் அன்பு லாத்தாவுக்கு ஆயிரம் சலாம். மச்சானுக்கும் மருமகளுக்கும் துஆ. நாங்கள் சுகம். 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?

உங்கள் கடிதத்தை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உரக்கப் படித்தேன். கைருன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். "லாத்தா கேட்டா குடுக்காம இருக்க முடியாது. சாமானை எங்க வைக்கிறது?" என்றேன்.

"எதுக்கு வைக்கணும்? ஷவ்வால்ல திரும்பக் கட்டணும். கடைத்தெருவுல வேற பெட்டி கிடைக்கும், வாங்கிக்குங்க" என்றாள்.

"நான் போறேன்னு யாரு சொன்னா?"

"பெட்டிதான் சொல்லுது. கயிறே அவிழ்க்கலை. வாசப்படியில வேற கொண்டுபோய் வச்சீங்க."

"கூரை ஒழுகிச்சு, வச்சேன். நீ உள்ள வைக்கச் சொல்லலையே. மாப்பிள்ளை தானே பெட்டியைத் தூக்கிக்கினு உள்ள வர்றதா?"

கதவு திறந்தது. கைருன் முன்னறைக்கு வந்து என் எதிரில் நின்றாள். முழு முகத்தையும் அன்றுதான் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், லாத்தா. அவளுக்கும் காதோரம் நரைத்திருக்கிறது. "சபராளி பெட்டியைப் பொம்பளை தொடலாமா? அதுகூடவா தெரியாது?" என்று கேட்டாள்.

"மறந்துட்டேன்."

"இன்னும் இன்னா இன்னா மறந்தீங்க?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "நான் துணி வாங்க வரலை. மாமி மௌத்தானதைக் கேட்டேன். நீ தனியா இருப்பியேன்னு வந்தேன். நீ இருக்கச் சொன்னா இருப்பேன்" என்றேன். கைருன் அப்படியே என் பாயில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "இதைச் சொல்ல ஒரு மழைக்காலமே ஆச்சா? இருங்க. எங்க போகப் போறீங்க?" என்றாள்.

பெட்டிக் கயிற்றின் முடிச்சு மழையில் ஊறி இறுகிப்போயிருந்தது. நான் அவிழ்க்க, அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்தப் புரியை இழு, அந்தப் புரியை விடு என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். நகம் ஒன்று போயிற்று. திறந்தால் பாதிச் சாமானில் பூசணம், நீங்கள் சொன்னது போலவே. மீதியை அவளே உள்ளறைக்குக் கொண்டுபோனாள். அவளுக்காக ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒன்று என்று வாங்கி, அனுப்பத் துணிவில்லாமல் வைத்திருந்த துணிகளும் அதில் இருந்தன. பூசணம் போக மூன்று தேறும்.

பெட்டி நாளைத் தோணியில் வருகிறது. உள்ளே அந்தத் துணி மூட்டையையும் வைத்திருக்கிறேன், மெஹருன்னிசாவுக்கு. ஊர் நெசவுக்காரர்களிடம் என் மானம் போய் வாங்கியது, நல்ல துணிதான். இனாயத்துல்லாவுக்கும் எழுதிவிட்டேன், என் பாயைச் சுருட்டிக்கொள்ளலாம் என்று.

நேற்று கைருன் குழம்பில் புளி அதிகம் என்று சொன்னேன். "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். இன்று இன்னும் அதிகமாகப் போட்டிருந்தாள்.

என்றென்றும் நன்றியோடு,
ஜெகபர் அலி


பழவேற்காடு
ஷவ்வால் பிறை 15

அன்பு மதினிக்குக் கைருன் பீவி சலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்ததா? முழங்காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவுகிறீர்களா? பெட்டி மெஹருன்னிசாவுக்குப் பிடித்ததில் எங்களுக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வருகிறோம். கடல் வழியாக வேண்டாம், வண்டியில் வருவோம், உங்கள் தம்பி வயிறு உங்களுக்குத் தெரியுமே.

அவர் நலம். உங்களிடம் குறை சொல்லத்தான் இந்தக் கடிதம். நெல் வாங்க அவரைக் காட்டூருக்கு அனுப்பினேன். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அளந்து போட்டவனுக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தார். பாதி பதர். நான் கத்தியது தெருக்கோடி வரை கேட்டதாம். அவர் தலையைக் குனிந்து நின்று கேட்டுவிட்டு, "கத்தி முடிச்சியா? சோறு போடு" என்றார். தாலத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன், இப்போதெல்லாம் சட்டியோடுதான்.

நேற்று கப்பல் போயிற்று, மதினி. போகிற நாள் எனக்குத் தெரியும். பெருநாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார், பெட்டியும் உங்களிடம் வந்துவிட்டது, ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாய்மரத்தைப் பார்த்தால் மனிதருக்கு மனசு மாறாதா? காலையிலிருந்து கடல் பக்கத்துக் கதவைத் திறக்கவே இல்லை. காற்று வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, மணல் வருகிறது என்றேன்.

அவரோ அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார். பத்தாவியில் கூனி இறாலை உப்புப் போட்டு இடித்து, வெயிலில் புளிக்க வைத்து ஒரு விழுது செய்வார்களாம். அது இல்லாமல் சோறு சோறாகவே இல்லையாம். முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று வாய் திறந்து கேட்டாரே என்று நானும் சரி என்றுவிட்டேன். கூனியைக் கொண்டுவந்து கொட்டிய முத்தம்மாள், "நல்ல எறாவை நாற வச்சித் துன்றதுக்கா கப்பலேறிப் போய்க் கத்துக்கினு வந்தே, சாயபு?" என்று கேட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டில் ஜன்னலை அடைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் கோட்டையில் பீரங்கி வெடித்தது. கப்பல் கிளம்பும்போது வெடிப்பார்கள் அல்லவா, அந்த வெடி. என் கையிலிருந்த முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உலக்கையை நிறுத்தினார்.

"இன்னா சத்தம் அது?" என்றார்.

"கப்பல் போவுது. நீங்க வந்த கப்பல்."

"ஓ, இன்னைக்கா?" என்றார். மறுபடி இரண்டு இடி இடித்தார். "கைருன், உப்பு எங்க வச்சிருக்கே?"

மதினி, அவர் கப்பல் போகிற நாளையே மறந்துபோயிருந்தார். நான் பெருநாளிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணியதை அவர் மறந்துபோயிருந்தார். உறியைக் கையால் காட்டினேன். அவர் எழுந்து போய் எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு அழுவறே?" என்று கேட்டார். உங்கள் விழுது நாற்றம் கண்ணைக் கரிக்கிறது என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

நாற்றம் இன்னும் போகவில்லை. மெஹருன்னிசாவுக்கு முத்தம். அண்ணனுக்குச் சலாம் சொல்லுங்கள். கடிதத்தை இதோடு நிறுத்துகிறேன், அவர் என் நல்ல சட்டியை எடுக்கிற சத்தம் கேட்கிறது.

உங்கள்,
கைருன் பீவி